மருந்து கொடுக்கும் சிமுலேஷன்: நர்சிங் லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான லேபில் ட்ரேயில் ஒரே ஆம்பியூல், ஒரே சிரிஞ்சு, கட்டிலில் ஒரே பொம்மை. அங்கே மாணவி தப்பு செய்யவே வழியில்லை; கற்றுக்கொள்ளவும் வழியில்லை. முதல் தவறு அதுதான்.

காரைக்குடிப் பக்கத்து வார்டை நினைத்துப் பாருங்கள். தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் ஊர். இரண்டு வள்ளியம்மை ஒரே வார்டில் படுத்திருப்பது அதிசயமில்லை. லேபிலும் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு வள்ளியம்மையைப் போடுங்கள், ஐபி எண்ணை (உள்நோயாளி எண்) மட்டும் மாற்றி. “வள்ளியம்மை ஆச்சிதானே?” என்றால் காது மந்தமான ஆச்சி எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேர் என்ன ஆச்சி?” என்று கேட்டு, கைப்பட்டை எண்ணைச் சார்ட்டோடு ஒத்துப் பார்க்கப் பழக்குங்கள். பொம்மைக்கு ஒரு ஆசிரியை குரல் கொடுத்தால் போதும். லட்சக்கணக்கில் செலவழித்து மேனிகின் என்ற நவீனப் பயிற்சிப் பொம்மை வாங்க வேண்டாம்.

அடுத்து இன்சுலின். நம் ஊரில் வயல் (மருந்துக் குப்பி) என்றால் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜில் 100. சிவப்பு மூடி 40 சிரிஞ்சையும் ஆரஞ்சு மூடி 100 சிரிஞ்சையும் ட்ரேயில் கலந்தே வையுங்கள். 40 வயலிலிருந்து 100 சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். 100 இன்சுலினை 40 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 0.5 மில்லி: 50 யூனிட். போர்டில் கணக்குப் போடுவதைவிட, மாணவி இழுத்த சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை யூனிட் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

அவள் தப்பான சிரிஞ்சை எடுத்ததுமே “அது இல்லம்மா” என்று தடுக்காதீர்கள். ஊசி போடட்டும். அளவு கூடிப்போயிருந்தால், “அரைமணி ஆயிருச்சு” என்று அறிவித்துவிட்டு, “வேர்க்குதும்மா, கை நடுங்குது” என்று ஆச்சி குரலில் சொல்லுங்கள். அது மறக்காது.

மருந்து எடுக்கும் நேரத்தில் “சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு” என்று ஒருவர் வந்து நிற்கட்டும். திரும்பி வருபவள் லேபிளை மறுபடி படிக்கிறாளா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பத்து நிமிடப் பயிற்சிக்கு இருபது நிமிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும். “ஏன் தப்பு பண்ணினே?” என்றால் அழுகைதான் வரும். “இந்தச் சிரிஞ்சை எடுக்கும்போது என்ன நெனச்சே?” என்றால் காரணம் வரும்.

பயிற்சிக்கு வைக்கும் போலி மருந்தை லேசாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2014-இல் பயிற்சிக்கென விற்ற சலைன் பைகள் தவறிப்போய் நிஜ நோயாளிகளுக்கு ஏறி, பலருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டன. லேபிலுள்ள போலி மருந்து ஒவ்வொன்றிலும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று சிவப்பில் ஒட்டுங்கள். லேபைப் பூட்டுமுன் எண்ணுங்கள், மாணவிகளின் கோட் பாக்கெட் உட்பட.