கூலன்ட் பொங்கி வழிகிறதா? ரேடியேட்டரை மாற்றுமுன் பாருங்கள்

பினாங்குப் பாலமும் முதல் புரோட்டோன் சாகா காரும் வந்தது ஒரே ஆண்டில், 1985-இல். இன்றும் காலையில் பிறையிலிருந்து தீவுக்குப் போகும் ஜேமில் பழைய சாகா, வீரா, கன்சில் என்று ஏதாவது ஒன்று எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பொங்கி, பானெட்டைத் திறந்துகொண்டு ஓரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். அடுத்த நாள் வெர்க்ஷாப்பில் ரேடியேட்டர் மாறும். அதற்குப் பிறகும் பொங்கினால் வாட்டர் பம்ப், அப்புறம் சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட், கடைசியில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். இப்படியே போனால் காரின் விலையைத் தாண்டிவிடும் பில்.

இதற்கெல்லாம் காரணம், ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான். எது முதலில் நடந்தது? சூட்டைக் காட்டும் மீட்டர் முள் ஏறிய பிறகு தண்ணீர் வழிந்ததா, முள் சாதாரணமாக இருக்கும்போதே வழிந்ததா? இரண்டும் வேறு வேறு நோய்.

முள் ஏறவே இல்லை, ஆனால் ரிசர்வ் டேங்க் வழிகிறது என்றால், முதலில் டேங்கில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கழுத்துவரை நிரப்பினால், சூட்டில் விரியும் கூலன்ட் வெளியேதான் போகும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. விலை குறைந்த பொருள் என்பதாலேயே யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது எவ்வளவு அழுத்தம்வரை மூடி தாங்கும் என்பதற்கான எண். 0.9 மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100-ஐ ஒட்டியே கொதித்து டேங்குக்கு ஓடிவிடும். காரை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு வழிந்தால் மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பம்ப் நின்றதும் எஞ்சினின் சூடு தேங்கிய தண்ணீரில் ஏறும், அழுத்தமும் கூடும். மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க விடுவது அதுதான். அது அடைத்துக்கொண்டால் டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும், ஆறிய பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) சப்பிப் போயிருக்கும். டேங்கை மட்டும் பார்த்துவிட்டு ‘தண்ணி இருக்கு’ என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூடியும் நல்லது, அளவும் சரி என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கலாம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, ஹோஸ் மட்டும் கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் சிலிண்டரில் எரிந்த புகை அதற்குள் நுழைகிறது. டேங்கில் குமிழி ஓயாமல் வரும். ஆனால் குமிழி கண்டவுடன் ஹெட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். புதிதாகத் தண்ணீர் ஊற்றிய காரில் உள்ளே சிக்கிய காற்றும் கொஞ்ச நேரம் குமிழியாக வரும். நீலத் திரவத்தை வைத்து ரேடியேட்டர் வாயில் சோதிக்கும் கருவி இருக்கிறது. எரிந்த புகை கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

முள் ஏறித்தான் பொங்குகிறது என்றால், எங்கே ஏறுகிறது என்பதே பாதி விடை. பாலத்து ஜேமில் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறி பக்கம் போங்கள்: ஃபியூஸ், ரிலே, விசிறி சுவிட்ச், மோட்டார். பல கார்களில் ஏர்கோன் போட்டாலே விசிறி சுற்றும். அப்போது சுற்றி, மற்ற நேரம் சுற்றாவிட்டால் மோட்டார்மேல் குற்றமில்லை. இரண்டு விசிறி இருந்தால் ரேடியேட்டருக்கு உரியது எது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். ஜேமில் ஒன்றும் ஆகாமல், ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் மலைப்பாதையில் மட்டும் சூடேறினால்தான் அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், பாதி திறந்த தெர்மோஸ்டாட் எல்லாம் பேச்சுக்கு வரும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் ஊரில் பழைய வழக்கம். ‘வெயில் நாட்டுக்கு அது எதற்கு’ என்று வெர்க்ஷாப் ஃபோர்மன் சொல்வார். பழைய கார்களில் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும் வகைகள் அதிகம். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சில எஞ்சின்களில், தெர்மோஸ்டாட் மூட வேண்டிய பக்கவழி மூடாததால் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, இன்னும் சூடேறும்.

கசிவை அடைக்கும் தூள், மிளகாய்த்தூள், முட்டை போன்ற வைத்தியமெல்லாம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். குழாய்த் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும்.

முள் சட்டென்று கீழே விழுந்தால் நிம்மதி வேண்டாம். தண்ணீர் இல்லாமல் சென்சார் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். அந்த நிலையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம். எஞ்சினின் சூட்டை இறக்க ஹீட்டரைப் போடச் சொல்லும் வெளிநாட்டு யோசனையும் இங்கே பலருக்கு உதவாது. நம் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ஏர்கோனை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். மேல் ஹோஸ் கையால் அமுங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

எதைச் சரிசெய்தாலும் காற்றை வெளியேற்றாமல் வெர்க்ஷாப்பை விட்டுக் கிளம்பாதீர்கள். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, கூலன்ட் ஊற்றி, விசிறி சுற்றி நிற்கும்வரை ஓடவிட வேண்டும். மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். அடுத்த சில நாட்கள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளும் பாருங்கள், டேங்கை மட்டும் அல்ல.