பம்ப் ‘செலுத்தியாச்சு’ என்கிறது, சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, செட்டை, அதாவது பம்பிலிருந்து தோலுக்குள் இன்சுலினைக் கொண்டுபோகும் ட்யூபையும் முனையையும், எப்போது மாற்றுகிறீர்கள் என்றுதான். பலரும் சொல்வது, படுக்கப் போவதற்கு முன்னால். அப்போதுதான் நேரம் கிடைக்கிறது, சரி. ஆனால் தோலுக்குள் போன கேனுலா (செட்டின் முனையிலுள்ள மெல்லிய குழாய்) மடங்கிக் கிடந்தால் அது தெரியவர இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும், அந்த நேரத்தில் நீங்கள் நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள். பம்பில் போவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். நாள் முழுக்கத் தாங்குகிற இன்சுலின் உடம்பில் கையிருப்பு கிடையாது. வரத்து நின்றால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏற ஆரம்பித்துவிடும், விடியும்போது குமட்டலோடும் வாந்தியோடும் எழுந்திருக்க வேண்டிவரும். பகலில், ஏதாவது ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரையைப் பாருங்கள்.

‘அடைப்பு இருந்தால் பம்ப்தான் கத்துமே’ என்பார்கள். இந்த நம்பிக்கைதான் பெரிய வம்பு. பம்புக்குத் தெரிந்தது ட்யூபுக்குள் இருக்கும் அழுத்தம் மட்டும். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போகும் அடிப்படை அளவான பேசல் வேகத்தில் அந்த அழுத்தம் அலாரம் அடிக்கும் அளவுக்கு ஏறவே மணிக்கணக்கில் ஆகலாம். கேனுலா லேசாக வெளியே வந்து இன்சுலின் பிளாஸ்டருக்கு அடியில் கசிந்துகொண்டிருந்தால் அழுத்தம் ஏறவே ஏறாது, திரையில் எல்லாம் ஒழுங்காகப் போனதாகவே காட்டும். இதற்குக் கண்ணைவிட மூக்கு உதவும். இன்சுலினில் கலந்திருக்கும் கிரெசாலுக்கு ஆஸ்பத்திரி வாடை ஒன்று உண்டு. செட் ஒட்டிய இடத்தில் அந்த வாடை அடித்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

சரி, சர்க்கரை 250-ஐத் தாண்டிவிட்டது, பம்பில் ஒரு திருத்த போலஸும் (சர்க்கரையை இறக்க ஒரே தடவையாகக் கொடுக்கும் டோஸ்) கொடுத்தாயிற்று, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்தும் இறங்கவில்லை. இங்கேதான் ‘இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கலாம்’ என்று தோன்றும். முதல் போலஸ் போகாத வழியில் இரண்டாவது மட்டும் எப்படிப் போகும்? கீட்டோன் பாருங்கள், மருத்துவர் சொல்லித் தந்திருக்கும் அளவை சிரிஞ்சிலோ பேனாவிலோ போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் புது இடத்தில் புது செட். ஒன்று கவனம்: ஊசியில் போட்டது பம்புக்குத் தெரியாது, போகாத போலஸை உடம்பில் இருப்பதாகவே அது கணக்கு வைத்திருக்கும். அடுத்த சில மணி நேரத்துக்கு அதன் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். சர்க்கரையைப் பார்த்து தானாகவே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் என்றால் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, கீட்டோன் கூடிக்கொண்டே போனாலோ வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது ‘ராசியான இடம்’. வலிக்கவில்லை, கைக்கு வசதியாக இருக்கிறது என்று வயிற்றில் ஒரே பக்கமாகக் குத்திக்கொண்டே இருப்பார்கள். வலிக்காததற்குக் காரணம் அங்கே தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு தடித்துப்போயிருப்பதாகவும் இருக்கலாம், தடவிப் பார்த்தால் மெத்தென்றோ கட்டியாகவோ தட்டுப்படும். அந்த இடம் இன்சுலினை ஒருநாள் உறிஞ்சும், இன்னொரு நாள் உறிஞ்சாது. நீங்கள் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், பழைய இடத்திலிருந்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் தள்ளிக் குத்துங்கள். பெல்ட் அழுத்தும் இடமும் தழும்புள்ள இடமும் வேண்டாம்.

‘பம்புக்குள் இருக்கும் குப்பியில் இன்சுலின் மிச்சம் இருக்கிறதே’ என்று செட்டை ஐந்தாறு நாள் இழுப்பவர்களும் உண்டு. வழக்கமான டெஃப்லான் (வளையும் பிளாஸ்டிக்) கேனுலா 2 முதல் 3 நாளுக்குத்தான், எஃகு ஊசி 2 நாளுக்கு. ஏழு நாள் வகையும் இருக்கிறது, ஆனால் அட்டையில் அப்படிப் போட்டிருந்தால் மட்டுமே. வீணாகிறதே என்று இருந்தால் குப்பியில் குறைவாக நிரப்புங்கள். மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் நேராக இறங்கும் கேனுலா தசையில் முட்டி மடங்குவது அடிக்கடி நடக்கும். அவர்கள் சாய்வாகச் செருகும் வகையையோ எஃகு ஊசியையோ கேட்டுப் பார்க்கலாம்.

உடம்போடு இணைத்தபடியே ட்யூபை நிரப்பிவிடுவது எப்போதாவது நடக்கும் தவறு, ஆனால் பயங்கரமானது. நீளத்தைப் பொறுத்து ட்யூபுக்குள் பத்து யூனிட்டுக்கும் மேல் பிடிக்கும், அவ்வளவும் ஒரே மூச்சில் உடம்புக்குள் போனால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். முதலில் கழற்றுங்கள், அப்புறம் நிரப்புங்கள். டெஃப்லான் கேனுலாவைச் செருகிய பிறகு அதற்கென்று தனியாக நிரப்ப வேண்டிய அளவு ஒன்று உண்டு, யூனிட்டில் ஒரு பின்னம்தான், செட்டோடு வரும் தாளில் இருக்கும். எஃகு ஊசிக்கு அது தேவையில்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, இன்சுலினை நிரப்பினால் பிறகு குமிழி வரும். குமிழி ஆளைக் கொல்லாது, ஆனால் அது இருக்கும் இடத்தில் இன்சுலின் இல்லை. ஒட்டும் இடத்தில் ஸ்பிரிட் முழுதாகக் காயட்டும், கிரீம் எதுவும் தடவியிருக்கக் கூடாது.

வெளியே கிளம்பும்போது பையில் ஒரு செட், வேகமாக வேலை செய்யும் இன்சுலின், அதற்கொரு சிரிஞ்சு அல்லது பேனா, கீட்டோன் பார்க்கும் பட்டை. செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இன்சுலினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.