கடல் பார்க்கப் போகும் தர்மபுரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்க மாதம் ஒருமுறை கூடுகிறோம் என்று சொன்னால், "இங்கே ஏது கடல்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். முதல் தவறு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வரும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணையையும் இருமத்தூரையும் சாத்தனூரையும் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆடிப்பெருக்கன்று இருமத்தூரில் குளித்துவிட்டு நாம் ஆற்றோடு விடும் பிளாஸ்டிக் பைகள் கடலில் சொறிமீனைப் (ஜெல்லி மீன்) போல மிதக்கும். கடலாமைகள் அவற்றை இரை என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன.

ஏரியில் பார்த்த ஆமையை மனத்தில் வைத்துக்கொண்டு கடலாமையிடம் போவது அடுத்த தவறு. ஏரி ஆமை தொட்டவுடன் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கடலாமைக்கு அது முடியாது. கரையேறியபின் பயந்தால், திரும்பிக் கடலுக்கே போவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

எங்கள் முதல் பயணத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். நள்ளிரவு தாண்டியிருந்தது. பங்குனி ஆமை ஒன்று அலையை விட்டு வெளியே வந்து, நின்று நின்று மணலில் ஏறியது. பெருமூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. எங்களில் ஒருவர் படமெடுக்கக் கைப்பேசி விளக்கைப் போட்டார். ஆமை அப்படியே வளைந்து திரும்பிவிட்டது. முட்டையிடாமல் போனதற்குச் சாட்சியாக, அரைவட்டமாக ஒரு தடம் மட்டும் மணலில் கிடந்தது. ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடக்கூடிய உயிர் அது. அன்றிலிருந்து கைப்பேசிகளைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் மணலில் இறங்குகிறோம்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள் இன்னும் மோசமானவை. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். வெளியே வரும் குஞ்சுகளை அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடத் துடிக்கிறோம். விடக் கூடாது. பிறந்த கரையை மனத்தில் பதித்துக்கொள்ள அந்த ஊர்தல் உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முட்டைகளை எடுத்துப் பார்ப்பதும் ஆகாது. இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் புரட்டினால் செத்துப்போகும். இடம் மாற்றுவது வனத்துறையும் அவர்கள் அனுமதி பெற்றவர்களும் செய்யும் வேலை. கடலாமை, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகுந்த பாதுகாப்புப் பெறும் உயிர்களின் பட்டியலில், உள்ள விலங்கு.

ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் பவளத்துண்டு வாங்கி வருவதுண்டு. "செத்த பவளம்தானே" என்பார்கள். பவளமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. காலிச் சங்குகூடக் காலியானது அல்ல. சொந்த ஓடில்லாத துறவி நண்டுக்கு அதுதான் வீடு.

பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் பயணம் வைக்காதீர்கள். ஆமைகள் கரையேறுவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளும் கரையில்தான் நிற்கும்.

மீனவர்களுக்குப் பாடம் நடத்தப்போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. முதல் பயணத்தில் நாங்களும் வலையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவது, வலையில் நெடுநேரம் சிக்கினால் மூழ்கிச் சாவது எல்லாம் அவர்களுக்கு நமக்கு முன்பே தெரியும். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று ஐந்து வகையையும் பிரித்துச் சொல்பவர்கள் அவர்கள். ஏழுவரி ஆமைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு, ஒரு முதியவர் மணலில் ஆமை முதுகை வரைந்து, ஏழு மேடுகளையும் விரலால் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். எங்கள் குழு நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் படம்தான்.