ஞானத்தாய், ஞானத்தகப்பன்: சீர்ப் பொட்டலம் கட்டும் முன்பே கேட்க வேண்டியவை

கொங்குப் பக்கம் குழந்தைக்கு எது செய்தாலும் முதல் தட்டு தாய்மாமனுடையது. அதனால் ஞானஸ்நானம் என்றதும் பெரும்பாலான கத்தோலிக்க வீடுகளில், குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணை நிற்கும் ஞானத்தகப்பனும் அவர்தான் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மாமன் உறவு பிறப்பால் வருவது. ஞானப்பெற்றோர் பொறுப்புக்குத் திருச்சபைச் சட்டம் தனியாகத் தகுதி வைத்திருக்கிறது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி ஞானப்பெற்றோராக நிற்பவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராக, புதுநன்மையும் (முதன்முதலாக நற்கருணை வாங்குவது) உறுதிபூசுதலும் (தைலம் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) பெற்றவராக, அந்த விசுவாசத்துக்கேற்ப வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் சொந்த அப்பா அம்மா ஆக முடியாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பெரிய மாமன், சின்ன மாமன் இருவரையும் ஞானத்தகப்பனாக எழுத முடியாது. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவருடன் சாட்சியாக மட்டும் நிற்கலாம்.

அடிக்கடி தடுக்குவது உறுதிபூசுதல். புதுநன்மை வாங்கியதோடு படிப்பு, வேலை என்று வெளியூர் போனவர்கள் அதை விட்டிருப்பார்கள். சங்கிலி எடுத்து, மண்டபம் பேசிய பிறகு இது தெரிந்தால் இரு வீட்டுக்கும் மனத்தாங்கல். ஆகவே யாரிடமும் வாக்குக் கொடுக்கும் முன், "மாப்ள, உறுதிபூசுதல் வாங்கியாச்சுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வாங்கவில்லை என்றால் தகுதியுள்ள சித்தியையோ அத்தையையோ ஞானத்தாயாக வைத்து, மாமன் மாமனாகவே சீர் செய்யட்டும். அதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை.

தேதிக்கு ஒரு மாதம் முன்பே பங்குத்தந்தையைப் பாருங்கள். திருப்பூரில் பிழைக்க வந்த தென்மாவட்டக் குடும்பங்களுக்கு இது இன்னும் அவசியம். ஞானப்பெற்றோரின் ஊர்ப் பங்கிலிருந்து சான்றோ கடிதமோ வர நாளாகும். பெற்றோர், ஞானப்பெற்றோர் இரு தரப்புக்கும் தயாரிப்பு வகுப்பு உண்டு. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே பதிவேட்டில் எழுதச் சொல்லி, அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். நாளைக்குத் திருமணத்துக்கு நகல் கேட்கும்போது ஓர் எழுத்துப் பிழையும் அலைச்சல்.

சடங்கில் ஞானப்பெற்றோர் வேடிக்கை பார்க்க நிற்பதில்லை. குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைய வேண்டும். "விட்டுவிடுகிறேன்", "விசுவசிக்கிறேன்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். பாஸ்கா திரியிலிருந்து (கோயிலில் உயிர்த்த இயேசுவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரி) ஏற்றிய மெழுகுதிரியைப் பெரும்பாலும் ஞானத்தகப்பன் பிடிப்பார். குழந்தையின் வெள்ளை உடையிலிருந்து கை தள்ளிப் பிடியுங்கள். அந்தத் திரியை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்துங்கள்.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். ஆண்டுதோறும் ஞானஸ்நான நாளில் அந்தத் திரியை ஏற்றி ஒரு ஜெபம் சொல்லுங்கள். அக்டோபரில் கோவை அருகே கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் தேருக்குக் குழந்தையைக் கூட்டிப் போய், ஜெபமாலை எப்படிச் சொல்வதென்று மணி மணியாகக் காட்டிக் கொடுங்கள். உறுதிபூசுதலுக்கும் அதே ஞானப்பெற்றோர் துணை நிற்பதே நல்லது என்கிறது சட்டம். வருஷம் ஒரு துணியும் கேக்கும் கொடுப்பவரைவிட, பத்து மைலுக்குள் இருந்து மாதம் ஒருமுறை வந்துபோகிறவரே மேல்.

பெற்றோருக்கு ஏதாவது நேர்ந்தால் பிள்ளை தானாகவே ஞானப்பெற்றோர் பொறுப்பு என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அவர்கள்தான் வளர்க்க வேண்டும் என்று விரும்பினால் உயிலில் தெளிவாக எழுதி வையுங்கள். காப்பாளர் யார் என்று வழக்கு வந்தால் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.