பழைய தையல் மெஷினும் மோட்டாரும்: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

பல வருடம் மூலையில் கிடந்த கறுப்பு மெஷினின் வீல் அசையவில்லை என்றால், பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது, ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷின் ஆயில் தீர்ந்த நாளில் யாராவது நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டிருப்பார்கள். அது பிசினாகி எல்லா மூட்டுகளையும் பிடித்துக்கொள்ளும். பலங்கொண்ட மட்டும் திருப்பினால் நிஜமாகவே உடையும்.

முதலில் மோட்டாரையும் பெல்ட்டையும் கழற்றித் தனியே வையுங்கள். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும், மெஷினைச் சாய்த்து அடிப்பக்க மூட்டுகளிலும் 2, 3 சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் வீலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் மண்ணெண்ணெயைத் துடைத்து, வாடை போன பிறகு ஹேர் டிரையரால் மூட்டுக்கு 5 நிமிடம் சூடு கொடுத்து, ஆறியதும் மறுபடி மண்ணெண்ணெய் விடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகலாம், அவசரப்படாதீர்கள். இளகியதும் மெஷின் ஆயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். கறுப்பாக வழிவது நின்று தெளிந்த எண்ணெய் வரும்வரை துடையுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கை மட்டும் எடுக்கும், மசகாக நிற்காது.

வெளிப்புறத் தங்கப் பூ வேலைப்பாட்டில் தின்னரோ ஸ்பிரிட்டோ படவே கூடாது, பூ துணியோடு வந்துவிடும். மெஷின் ஆயில் நனைத்த பழைய பனியன் துணி போதும்.

வீல் பாதிச் சுற்றில் முட்டி நின்றால் ஷட்டிலை (பாபினைச் சுற்றி ஓடும் கொக்கிப் பகுதி) கழற்றிப் பாருங்கள். அது ஓடும் தடத்தில் நகநீள நூல் துண்டு ஒன்று எண்ணெயில் ஊறிக் கறுத்து, இரும்போடு இரும்பாகக் கிடக்கும். ஊசி முனையால் நெம்பி எடுங்கள். துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் இறுகிய பஞ்சையும் விடாதீர்கள். வீலின் நடுத்திருகை இறுக்கியும் வீல் மட்டும் தனியே சுற்றினால், உள்ளே இருக்கும் காது வைத்த வாஷரை அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள்.

இனி மோட்டார். நேராக பிளக்கில் சொருகாதீர்கள். வயரின் ரப்பர் உதிர்ந்தால் முழுதும் மாற்றுங்கள். மூன்று கோர் வயர் போட்டு, எர்த்தை மோட்டாரின் உலோக உடலில் இணைப்பது நல்லது. மல்டிமீட்டரில் பிளக் பின்னுக்கும் உடலுக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், மின்சாரம் கொடுக்கவே வேண்டாம், வைண்டிங் கடைக்குத்தான்.

மோட்டாரின் இருபக்க மூடியைத் திருகி கார்பனை (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு கட்டைகள்) எடுக்கும்போது எது எந்தப் பக்கம், எந்த வாக்கில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். கம்யூடேட்டரின் (கார்பன் உரசும் செம்புப் பட்டை உருளை) கறுப்பை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் செம்பு நிறம் தெரியும். பள்ளங்களில் அடைந்த கார்பன் தூளைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். எமரி பேப்பர் வேண்டாம், அதன் துகள் பள்ளத்தில் தங்கி ஷார்ட் ஆக்கும். பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். அதிகமானால் கம்யூடேட்டரில் இறங்கிப் புகையும். கிரீஸ் குழாய் வைத்த மோட்டாரில் எண்ணெய் விடாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது மோட்டாருக்குப் போகும் ஒரே வயரின் நடுவே, போடுங்கள் (எல்இடி உதவாது). பல்ப் மங்கலாகி மோட்டார் மெதுவாகச் சுற்றினால் சரி. பல்ப் பளீரென எரிந்து மோட்டார் அசையாவிட்டால் ஷார்ட், அல்லது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) சிக்கியிருக்கிறது. கார்பனில் சிறு நீலப்பொறி சகஜம். கம்யூடேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் போய்விட்டது. பெடலில் கால் வைக்காமலே மோட்டார் ஓடினால் அதனுள் இருக்கும் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். அதே அளவில் எக்ஸ்2 (மெயின் மின்சாரத்துக்கான பாதுகாப்பு வகை) ரகம் போடுங்கள்.

மண்ணெண்ணெய் வாடை முழுதும் போன பிறகே மோட்டாரை மாட்டுங்கள், கார்பன் பொறி பறக்கும் இடம் அது. பெல்ட் விரலால் அழுத்தினால் 1 சென்டிமீட்டர் அமுங்கட்டும். இறுக்கினால் பேரிங் சூடாகும்.

கடைசியில் புது ஊசி. தட்டைப்பக்கம், நூல் நுழையும் பக்கத்துக்கு எதிரே இருக்க வேண்டும். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கிவிட்டே மேல்நூலைக் கோர்க்கவும். இறக்கியிருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடுகளுக்கு நடுவே நூல் உட்காராது. துணியின் அடியில் கொத்துக்கொத்தாக நூல் சேர்வதற்குக் காரணம் பாபின் அல்ல, பெரும்பாலும் இதுதான்.