சோயா கள்ளி கையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது எப்படி?

முதலில் பெயர். Cholla என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘சொல்லா’ என்று வாசித்தால், இது வளரும் அமெரிக்காவின் அரிசோனாவில் யாருக்கும் புரியாது. ஸ்பானியச் சொல் என்பதால் இரண்டு எல் சேர்ந்தால் ‘ய’ ஆகிவிடும். ச்சோயா. சோயா பீன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டூசான் ஊர்ப் பக்கம் சகுவாரோ தேசியப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு இது அறிமுகம். வழியோரம் இடுப்புயரக் கள்ளி ஒன்று, வெயில் பட்டுப் பொன்னிறமாக, கட்டிப்பிடிக்கலாம் போல நின்றது. இதற்கு ‘டெட்டி பேர் சோயா’, அதாவது கரடி பொம்மைச் சோயா, என்று பெயர் வைத்தவரை என்ன சொல்ல! படம் எடுக்கக் குனிந்ததுதான் தெரியும், இடது முழங்கைக்குக் கீழே ஒரு முள்ளுருண்டை தொங்கியது. வலது கையால் பிடுங்கப் போனேன். அது வலது கையிலும் ஏறிக்கொண்டது.

படி 1: நில்லுங்கள். உதறாதீர்கள், இன்னொரு கையால் தொடாதீர்கள். ஷூ காலால் தள்ளவும் வேண்டாம். கீழே இதே மாதிரி துண்டுகள் உதிர்ந்து கிடக்கும், பார்த்து நில்லுங்கள். ‘குதிக்கும் சோயா’ என்றும் சொல்கிறார்கள். அது குதிப்பதில்லை. தண்டு துண்டு துண்டாகக் கோத்த மாதிரி வளரும். இணைப்பு அவ்வளவு பலவீனம், உரசினாலே கழன்று வந்துவிடும்.

படி 2: சீப்பு. நான் சொதப்பியது இங்கேதான். சீப்பை எடுத்துத் தலை வாருவதுபோல் தோலோடு சேர்த்து இழுத்தேன். உருண்டை நகர்ந்து, புதிய இடத்தில் புதிய முட்களோடு உட்கார்ந்துகொண்டது. சோயா முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள், கூரை ஓடு வேய்ந்ததுபோல், பின்னோக்கி அடுக்கியிருக்கும். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது சதையைக் கவ்வும். அதனால் பக்கவாட்டில் இழுத்தால் வேலைக்காகாது. சீப்பின் பற்களைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே முள்ளுக்குள் நுழைத்து, தோலிலிருந்து நேராக வெளிப்பக்கம், ஒரே வெட்டில் சுண்டுங்கள். மெதுவாக இழுப்பது இரக்கமல்ல, சித்திரவதை. சுண்டுவதற்கு முன் எதிரே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். என் உருண்டை பறந்து போய் நண்பரின் கால்சட்டையில் ஒட்டியது.

எந்தச் சீப்பு? அகலப் பல் உள்ள சிக்கெடுக்கும் சீப்பு, அதிலும் உலோகம். பிளாஸ்டிக் பல் உடையும். பேன் சீப்பு உள்ளேயே நுழையாது. சீப்பு இல்லையென்றால் இரண்டு குச்சி.

படி 3: மிச்ச முட்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். புருவம் திருத்தும் இடுக்கி எனக்குச் சரிவரவில்லை, வழுக்குகிறது. முள்ளின் மேல் காகிதம்போல் ஒரு உறை உண்டு. டெட்டி பேர் மின்னுவது அந்த உறையால்தான், சோயாவை மற்ற கள்ளிகளிலிருந்து பிரித்துக் காட்டுவதும் அதுவே. உறை மட்டும் கழன்று கையோடு வந்தால் முள் வந்துவிட்டதென்று ஏமாறாதீர்கள்.

படி 4: சுனை. சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்தவர்களுக்குத் தெரியும், மயிர்போல் நுண்முட்கள். சோயாவிலும் உண்டு. அந்த இடத்தில் வெள்ளைப் பசை தடவி, மேலே மெல்லிய துணி வைத்து, நன்றாகக் காய்ந்ததும் உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். சூப்பர் குளூ வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: சீப்பால் சுண்டியும் வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் கத்தரிக்கோலால் தோலுக்கும் உருண்டைக்கும் இடையே முட்களை நறுக்கிவிடுங்கள். உருண்டை விழுந்ததும் குறடு.

பின்சேர்க்கை 2: நாயின் பாதத்தில் ஒட்டினால்? நாய் வாயால் எடுக்கப் பார்க்கும். முதலில் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் போயிருந்தால் நேரே கால்நடை மருத்துவரிடம்.

பின்சேர்க்கை 3: எடுத்த துண்டை எங்கே போடுவது? வளர்ந்த இடத்திலேயே, நடைபாதையை விட்டுத் தள்ளி. டெட்டி பேர் சோயாவின் விதைகள் பெரும்பாலும் மலடு. உதிர்ந்த துண்டு வேர்விட்டுத்தான் அது பரவுகிறது, அதற்கு வண்டி நாமும் விலங்குகளும்தான். அன்றைக்கு நண்பரின் கால்சட்டையோடு வீடுவரை வந்த உருண்டையை அவர் வாசல் ஓரமாகத் தட்டிவிட்டார். அடுத்த மழைக்காலம் முடிந்து போனபோது, அது வேர்விட்டு, குட்டியாக இரண்டு கிளை வைத்திருந்தது.