தைமஸில் பீட்டா5டி-யைத் தேடும்போது

2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த பீட்டா5டி, தைமஸின் (டி செல்கள் முதிரும் உறுப்பு) புறணி, அதாவது வெளியடுக்கு, எபிதீலியல் செல்களில் மட்டுமே இருக்கும், புரதங்களை வெட்டும் புரோட்டியசோமின் துணையலகு. அந்தச் செல்கள் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதனால் பிரித்தெடுப்பதில்தான் பாதி வேலை.

4–6 வார எலியின் தைமஸைச் சிறு துண்டுகளாக்கி, குளிர்ந்த ஊடகத்தில் மெல்ல அலசுங்கள். தைமோசைட்டுகளில் (தைமஸில் வளரும் டி செல்கள்) பெரும்பகுதி அப்போதே கழன்றுவிடும். மிச்சத்தை 37 டிகிரியில் கொலாஜினேஸ் (திசுவைப் பிணைக்கும் கொலாஜனை வெட்டும் நொதி), டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) கலவையில் 15 நிமிடம் வீதம் இரண்டு மூன்று தடவை கரைத்தெடுங்கள். டிஎன்ஏஸை விட்டுவிட்டால் செத்த செல்களின் டிஎன்ஏ சளிபோல் திரண்டு, வேண்டிய செல்லையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி45 புரதத்தைப் பிடித்து அவற்றை நீக்கும் காந்தமணி வசதிதான். ஆனால் தைமோசைட் ஒட்டிய புறணிச் செல்லும் மணியோடு போய்விடும்.

சிடி45 இல்லாத, எப்கேம் (எபிதீலியல் செல்லின் அடையாளப் புரதம்) உள்ள செல்களில் எல்ஒய்51 என்ற மேற்பரப்புப் புரதத்தைக் காட்டுவது புறணி, யுஇஏ-1 (சர்க்கரையில் ஒட்டும் புரதம்) ஒட்டுவது அகணி, அதாவது உள்ளடுக்கு. பீட்டா5டி செல்லுக்குள் இருப்பதால், மேற்பரப்புச் சாயம் முடிந்தபின் நிலைப்படுத்தி, சவ்வைத் துளையிட்டே எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். அகணிச் செல்லே அதே குழாயில் கிடைக்கும் எதிர்மறை ஒப்பீடு.

பீட்டா5டி நீக்கிய எலியில் சிடி8 செல்கள் (கொல்லும் டி செல்கள்) ஏறக்குறைய கால் பங்காகக் குறையும், சிடி4 செல்கள் (உதவி டி செல்கள்) பெரிதாக அசையாது. எண்ணும்போது டிசிஆர்-பீட்டா (டி செல் ஏற்பியின் ஒரு சங்கிலி) மிகுந்தவற்றை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் முதிராத சிடி8 செல்கள் கலந்து அந்தக் குறைவையே மறைத்துவிடும்.